கதவின் அகலம்

இரண்டே முக்காலடி.
டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொல்கிறார் இன்டீரியர்காரர்:
கண்ணாடிக் கதவென்றால் இன்னும் மூன்றங்குலம் குறையும் மேடம்,
ஏசி வெளியே போகாது.

கொன்னூர் நெடுஞ்சாலையில்
தையல் கடைக்கும் சிம்கார்டு கடைக்கும் நடுவே
பதினேழு வருடம்.
முதல் நாள் வந்தது ஒரு சேவல்.
கண்ணோரம் கிழிந்திருந்தது.
எப்படி என்று நானும் கேட்கவில்லை,
கொண்டுவந்தவரும் சொல்லவில்லை.
நாலு தையல், ஐம்பது ரூபாய்,
அதிலும் பத்து ரூபாய்த் தாள் ஒன்று கிழிசல்.

இப்போது ஷிட்ஸு வருகிறது, பெர்ஷியன் வருகிறது,
அண்ணாநகரிலிருந்து காரில் ஓர் ஆமை வருகிறது.
"மோச்சியோட அம்மா யாருங்க?" என்கிறான் குபேந்திரன்.
ஹெல்மெட்டைக் கழற்றாத ஓர் இளைஞன் எழுந்து வருகிறான்.
முன்பெல்லாம் "ஏ கறுப்பு நாய்க்காரரே" என்றுதான் கூப்பிடுவான்.
அப்போதும் சரியான ஆள்தான் எழுந்து வந்தார்.

நாலு கட்டடம் தள்ளி
லிஃப்ட் வைத்த மருத்துவமனை திறந்திருக்கிறது.
குளியல், பல், காப்பீடு, இருபத்துநாலு மணி நேரம்.
அவர்கள் ஆள் ரோஹன் தேவசகாயம்
இஸ்திரி கலையாமல் வந்து உட்கார்ந்தார்.
எக்ஸ்ரே எத்தனை, தடுப்பூசி எத்தனை,
நற்பெயர் என்று தனியாக ஒரு கட்டம்கூட இருந்தது லேப்டாப்பில்.
இந்த நோட்டு என்ன என்றார்.

ஆட்டோ தங்கவேலு, ராக்கெட், பார்வோ, 2300. வாரம் நூறு.
பூக்கடை சரோஜா, பெயர் வைக்காத பூனை, 400.
சுடுகாட்டு வாசல் நாய்கள் ஏழு, வெறிநாய்த் தடுப்பூசி,
யார் பேரில் எழுதுவது?

வராக்கடன் என்று தட்டினார்.
சரியாகத்தான் தட்டினார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
யோசிக்கத்தான் செய்தேன்.
ஸ்கேன் மிஷினுக்கு மாதம் முப்பத்தோராயிரத்து நானூறு,
ஐந்தாம் தேதி வங்கி மறக்காது.

நிலோஃபர் வேலைக்கு வந்தபோது முதலிலேயே சொன்னாள்:
எட்டு மணிக்கு மேல் ஃபோன் எடுக்க மாட்டேன் டாக்டர்.
ஞாயிறு கிடையாது.
சுள்ளென்று வந்தது எனக்கு.
அவள் வயதில் நான்
பிரசவமாகாத டாபர்மேன் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்தவள்.
நாளை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

ராத்திரி சதானந்தன் ஞாபகம்.
வேப்பேரியில் என் பெஞ்சு.
போன ஆனியில், கிளினிக்கை மூடிய பிறகு,
தன் மருந்து அலமாரியைத் தனக்கே திறந்துகொண்டான்.
எங்கள் வாட்ஸப் குழுவில் மாலை போட்டார்கள்.
மறுநாள் ஒருத்தர் கான்ஃபரன்ஸ் கட்டணம் பற்றிக் கேட்டார்.

காலையில் கூப்பிட்டேன்.
எட்டு மணி இல்லம்மா, ஏழரைக்கே கிளம்பு.

எங்கே விட்டேன்? கதவு.

ஐப்பசியில் ஒரு மழை நாள்.
புளியந்தோப்பிலிருந்து நடத்தியே கொண்டுவந்தார்கள் ஒரு பசுவை.
கல்யாண மண்டபத்துச் சோறு தின்று
வயிறு இடப்பக்கம் மத்தளமாய் உப்பியிருந்தது.
தலை நுழைந்தது, கழுத்து நுழைந்தது,
அதற்குமேல் கதவு விடவில்லை.
முகம் ஏசியில், உடம்பு மழையில்.
கூடைக்குள்ளிருந்த பெர்ஷியன்
தன் வாழ்நாளின் முதல் மாட்டை வைத்த கண் வாங்காமல் பார்த்தது.

நான் நனைந்துகொண்டே வெளியே நின்று குத்தினேன்.
தையல் கடைப் பையன் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டான்.
காற்று சீறி வந்தது,
தெரு முழுக்க நேற்றைய பந்தி நாற்றம்.
உள்ளே மாடு பெருமூச்சு விட்டதாகவும்
பில் போடும் மேசையை நக்கியதாகவும்
குபேந்திரன் பிறகு சொன்னான்.
எனக்குத் தெரிந்தது பின்பாதி மட்டும்.

ரோஹனுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.
நல்ல முடிவா, தெரியாது.

"நாலரை அடி போடுங்க" என்கிறேன்.
இன்டீரியர்காரர் சிரிக்கிறார்.
நாய்க்குட்டிக்கு எதுக்கு மேடம் நாலரை அடி?
சுவரை உடைக்கணும், மேலே பீம் வருது,
எண்பதாயிரம் கூட ஆகும்.
ஊருக்குள்ள மாடே இருக்காது இனி, அதையும் சொல்கிறார்.
இருக்கலாம்.

தலையைச் சொறிந்துவிட்டு எழுதுகிறார்: நாலு.
பென்சிலை வாங்கிப்
பக்கத்திலேயே அரை போட்டேன்.